செப்புக்குடத்துக்குள்ள கத்தின சாமி

நிலாணி, நித்திரையே? எனக்குப் பயத்தில நித்திரை வரேல்லையடி. சிரிப்பும் நிக்குதில்லை. கேளன்.

வோபர்ன்ல எங்கட பில்டிங்கில உடுப்புத் தோய்க்கிற லோண்டறி ரூமுக்க சனமெண்டால் சனம்! தூரத்துப் பிறம்ரன்ல இருந்தும் கார் பிடிச்சு வருகினம். தில்லையம்பலம் அங்கிளின்ர செப்புக்குடத்துக்குள்ள மச்சாவதாரம் இறங்கிட்டுதாம். போன மாதம் வரைக்கும் இன்சூரன்ஸ் வித்த மனுசன், இப்ப காவியோட சாமி.

கேள்வி கேட்டால் குடம் "கீய்... க்ளிக்... ஊய்ங்" எண்டும். அங்கிள் அர்த்தம் சொல்லுவார். "ஊரில இருந்து ஆளைக் கூப்பிட ஸ்பொன்சர் கிடைக்கும், உண்டியலில போடு." எல்லா அர்த்தமும் உண்டியலிலதான் போய் முடியும்.

அம்மாவுக்கு ஆஸ்மா எல்லே, வாயில பம்ப் அடிச்சாத்தான் மூச்சு வரும். "பிள்ளை, மீன் தண்ணிக்குள்ளயே மூச்சு விடுது. உனக்கேன் பம்ப்? வெள்ளிக்கிழமை குடத்துக்குள்ள போட்டுடு" எண்டு அவவிட்டைச் சொல்லிட்டார் அங்கிள். அம்மாவும் "ஓம் சாமி." போன வின்ரர் அம்புலன்ஸில ஏத்தின மனுசியடி!

ஆனா அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பயோலொஜி மிஸ் கிளாஸில போட்டுக்காட்டின கசெற் ரேப்! பெலூகா. பல்லுள்ள திமிங்கிலம், டொல்பினின்ர சொந்தக்காரர். மீனே இல்லை! எங்களைப் போல சுவாசப்பை, குட்டிக்குப் பால் குடுக்கும், மேல வந்து காத்து இழுக்காட்டி செத்துப்போம். உதுதான் அம்மாவைப் பம்ப் இல்லாமல் இருக்கச் சொன்ன சாமி!

மிஸ்ஸிட்டை ரேப்பை இரவல் வாங்கினன். இண்டைக்கு வெள்ளி. ரேப்பைப் போட்ட ரெக்கோடரை வோசிங் மெசினுக்குள்ள இறக்கிப்போட்டு, ஒண்டும் தெரியாத பிள்ளை மாதிரிப் பக்கத்தில நிண்டன்.

அம்மா பம்பைக் குடத்துக்கு மேல நீட்டுறா. மெசினுக்குள்ள கையை விட்டு ரெக்கோடரை அமத்தினன்.

மெசின் "ஊய்ங்" எண்டிச்சுது.

"ஐயோ, சாமி இஞ்சையும்!" சனம் மெசினுக்கு முன்னால தொபுக்கெண்டு விழுந்திது. மேல்மாடித் துர்க்கா அன்ரி மெசினுக்குப் பூவும் வைச்சிட்டா.

அங்கிள் சாமி மட்டும் விழேல்லை. "ஆரடா என்ர ரேப்பை எடுத்தது?" எண்டு கத்திக்கொண்டு குடத்துக்குக் கீழ கிடந்த சிவப்புத் துணியை இழுத்தார். டமார்! அவற்ர ரெக்கோடர் நிலத்தில.



"சாமி... ரேப்போ?" எண்டா அம்மா. பம்பை வாயில வைச்சு ஒரு இழுவை இழுத்தா பார், எனக்கு அழுகையே வந்திட்டுது.

"உன்ர நாக்கு அழுகும்!" எண்டு, மெசினுக்குள்ள விட்ட கையோட நிண்ட எனக்குச் சாபம் போட்டிட்டு மனுசன் பின்கதவால பாய்ஞ்சிட்டார். அதுதான் பயம். நாலுதரம் கண்ணாடியில பாத்திட்டன். நாக்கு இருக்கு.

இப்ப உடுப்பு எடுக்கக் கீழ போனால், துர்க்கா அன்ரி மெசினைக் கும்பிட்டு நேத்தி நூல் கட்டுறா! எல்லாத்தையும் கண்ணால பாத்த மனுசி!

சொல்லிப்போட்டுத்தான் ஓடிவந்தனான்: "அன்ரி, உங்கட மூளை வாங்கின மாதிரியே புதுசாக் கிடக்கு. ஒருக்காப் பாவிச்சுப் பாருங்கோவன்!"