போலந்து அண்ணாச்சியின் வம்சம்

வளைகுடாவில் நாங்கள் பிழைக்கப் போன சத்வாவில் குடியிருந்த அத்தனை தமிழர்களிலும் ஐரோப்பாவில் சொந்தக்காரர்களை வைத்திருந்த ஒரே ஆள் எங்கள் ரூமின் போலந்து அண்ணாச்சிதான். அந்தச் சொந்தக்காரர்களுக்கு மட்டும் இந்த விஷயம் தெரியாது.

அவருக்கென்று ஒரு பேர் உண்டு. விசாவில் இருந்தது. எங்களுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. அலுமினியம் ஃபிட்டர் வேலை. கறுத்து மெலிந்த திருநெல்வேலிப் பக்கத்து உடம்பு, முகத்தில் மட்டும் யாரோ மாற்றி வைத்துவிட்ட மாதிரி பூனைக்கண். கைக்குழந்தையாக இருந்தபோதே சிஸ்டர்மார் நடத்திய அனாதை இல்லத்தில் விட்டுப் போயிருக்கிறார்கள். அங்கிருந்து வெளியே வரும்போது அவருக்குக் கிடைத்த ஒரே சொத்து, ஞானஸ்நானச் சான்றிதழின் ஜெராக்ஸ்.

ஜெராக்ஸ் எடுத்த புண்ணியவான் அவசரக்காரர் போலிருக்கிறது. இடது ஓரம் விழவே இல்லை. கேள்விகளெல்லாம் காணாமல் போய்ப் பதில்கள் மட்டும் நின்றன. அண்ணாச்சியின் பேர், ஒரு தேதி, ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் சாய்வான ஆங்கில எழுத்தில் 'பொலோனியா'.

கோடு என்றால் அப்பா பேர் இல்லை. அது அவருக்குச் சின்ன வயதிலேயே புரிந்துவிட்டது. பொலோனியாதான் புரியவில்லை. ஒருநாள் சைட்டில் சேஃப்டி ஆபீசராக இருந்த போலந்துக்காரரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டியிருக்கிறார். அந்த மனிதர் "மை கன்ட்ரி!" என்று கத்தி, வேர்வையோடு வேர்வையாகக் கட்டிப்பிடித்துக்கொண்டார். லத்தீனில் போலந்துக்கு அதுதான் பேராம். அதோடு விடாமல், தன் மாமாவுக்கும் இதே கண்தான் என்று சாட்சியும் சொல்லிவிட்டார். வேறென்ன வேண்டும்?

அன்று சாயங்காலம் ரூமுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"தம்பி, நான் எந்த ஊருன்னு தெரிஞ்சு போச்சு."

"எந்த ஊரு அண்ணாச்சி?"

"போலந்து."

"எங்க இருக்கு, நாங்குநேரி பக்கமா?" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாளிலிருந்து எங்கள் மெஸ்ஸில் உருளைக்கிழங்கு ஆட்சி தொடங்கியது. அது அவர் பரம்பரைச் சாப்பாடாம். அவர் சமையல் முறை வரும்போதெல்லாம் உருளைக்கிழங்குப் பொரியல், உருளைக்கிழங்குக் குழம்பு, கேட்டால் உருளைக்கிழங்கு ரசமும் வைப்பார். பனி நாட்டு ரத்தம் என்று பெருமை அடித்துக்கொள்வார். ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு, "யாரு வே அத இவ்ளோ வச்சது?" என்று போர்வைக்குள்ளிருந்து திட்டுவார்.

போலந்தின் பழைய சர்ச்சுகளில் எழுதி வைத்த ஞானஸ்நானப் பதிவுகளைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுத்தவரும் அதே ஆபீசர்தான். அந்தக் காலத்துப் போலந்து ஊர்கள் பல இப்போது உக்ரைனில் இருக்கின்றனவாம். அண்ணாச்சி இரண்டு நாட்டையும் எடுத்துக்கொண்டார்.

லீவு நாளில் எங்கள் ரூம் சந்தைக்கடை மாதிரி இருக்கும். ஆளுக்கொரு மூலையில் வீடியோ காலில் பெண்டாட்டியிடம் கொஞ்சல், பிள்ளையிடம் அதட்டல், அம்மாவிடம் பொய். நடுக்கட்டிலில் அண்ணாச்சி மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, யாரோ ஒரு பாதிரியார் மை தொட்டு எழுதிய கோழிக்கிறுக்கலைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தேடுவதற்கு அவரிடம் குடும்பப் பேர் இல்லை, ஊர் இல்லை. அதனால் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். லத்தீனில் 'தகப்பன் தெரியாது' என்பதை எப்படி எழுதுவார்கள் என்று மட்டும் கற்றுக்கொண்டார். அப்படி எழுதிய பிள்ளைகளெல்லாம் அவருக்குச் சொந்தம்.

"இந்தா பாரு, இதுவும் நம்ம ஆளுதான்."

"எப்படி அண்ணாச்சி சொல்றீங்க?"

"இவனுக்கும் கோடுதான தம்பி."

உக்ரைனில் சண்டை மூண்டபோது, இரண்டு நாள் அவர் சோற்றில் சரியாகக் கைவைக்கவில்லை. "நம்ம பிள்ளைங்கல்லாம் எங்க போச்சோ" என்று செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பதா, பக்கத்தில் போய் உட்காருவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தோம்.

கடைசியில் ஊருக்குப் போகும் லீவில் போலந்துக்கே போய்விடுவது என்று முடிவு செய்தார். விசா படிவம் அடிக்க என்னையும் இழுத்துக்கொண்டு, தெருமுனையில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் காயல்பட்டினத்துக் காதர் காக்காவிடம் போனார். அவர்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன்.

"எதுக்குப்பா போலந்து? சுத்திப் பாக்கவா?"

"சொந்தக்காரங்களப் பாக்க, காக்கா."

"ஆதாரம் கேப்பானே. என்ன வச்சிருக்க?"

அண்ணாச்சி ஜெராக்ஸை நீட்டினார். காக்கா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார்.

"இதுல போலந்து எங்க இருக்கு?"

"இந்தா, பொலோனியா."

"இது ஊரு இல்லயேப்பா, பொம்பளப் பேருல்லா! எங்க ஊருக்குத் தெக்க, கடக்கரையில வேதக்காரங்க வைக்கிற பேரு. பல்லுவலிக்கு வேண்டிக்கிடுவாங்களே, அந்தப் புனிதை பேரு. எங்க வீட்டுக்கு மீன் கொண்டாறவளும் பொலோனிதான்."

"பொம்பளப் பேரா?"

"ஆமா. மேல உங்க வாப்பாவுக்குக் கோடு போட்டிருக்கு. அதுக்கு அடுத்தாப்ல யாரு பேரு வரும்? நீயே சொல்லு."

அண்ணாச்சி காகிதத்தைத் திரும்ப வாங்கி, அந்த எழுத்தின் மேல் விரலை வைத்து ஒரு முறை தடவினார். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா பேரக் கையில வச்சிக்கிட்டே நாடு நாடாத் தேடிருக்கேன் தம்பி."

 ரூம் வரைக்கும் அந்தக் கையை என் தோளிலிருந்து எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நடக்கும் தமிழ்ப் பூசைக்குத் துணைக்கு என்னைக் கூட்டிப் போனார். பூசையில் வாசிக்க வேண்டிய பேர்களை எழுதிக்கொள்ள வாசலில் ஒரு அம்மா மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நன்றிக்கா, சுகத்துக்கா, இறந்தவங்களுக்கா?"

"அது தெரியாதும்மா."

"எது தெரியாது?"

"உயிரோட இருக்காளா இல்லயான்னு. ரெண்டுக்கும் சேத்து ஒரு பூசை வைக்க முடியாதா?"

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்து அவரையே பார்த்தார். பிறகு மெல்ல, "பேரு மட்டும் சொல்லுங்க. மத்தத ஆண்டவர் பாத்துக்குவார்" என்றார்.

"பொலோனியா."

"குடுக்கிறது யாரு?"

அண்ணாச்சி "மகன்" என்றார். அந்த அம்மா சரியாக எழுதுகிறாரா என்று குனிந்து பார்த்து, "மகன்னே போடுங்க" என்று இன்னொரு தடவையும் சொன்னார்.

நான் முருக பக்தன். அங்கே எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது என்று எனக்குத் தெரியாது. பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்து ஒரு நொடி தாமதமாகவே எல்லாம் செய்துகொண்டிருந்தேன். சாமியார் வரிசையாகப் பேர்களை வாசித்துக்கொண்டே வந்து, "பொலோனியா அவர்களுக்காக, அவருடைய மகன்" என்றார். அண்ணாச்சி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

எல்லோரும் சேர்ந்து "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். அந்த ஒரு வரியை மட்டும், முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நானும் சத்தமாகச் சொன்னேன். அண்ணாச்சியைப் பெற்றவள் எந்தக் கடற்கரையில் இருந்தாலும் காதில் விழட்டும்: உன் பிள்ளை நல்லபடியாக இருக்கிறான் தாயே, எங்களோடுதான் இருக்கிறான்.