மொட்டைத் தலையில் பதிந்த கறுப்புக் கை

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை செந்தில்குமார் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் நவநீதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் பாரதியும் வண்டியும் சுகம். அங்கு குழந்தை யாழினியின் காதுப் புண்ணும் தங்கள் கோபமும் ஆறிவிட்டனவா என்று அறிய ஆவல். போனில் நான் வாயைத் திறந்ததுமே வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் கிழிப்பதற்கு முன் ஒரு தடவையாவது படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

காதுகுத்துப் படங்கள் அத்தனையிலும், சந்தனம் பூசிய குழந்தையின் மொட்டைத் தலையில் கறுப்பாக ஐந்து விரல் பதிந்திருக்கிறது, யாரோ செய்வினை வைத்த மாதிரி இருக்கிறது என்று உங்கள் அம்மா சொல்வதாக என் தங்கை சௌமியா சொன்னாள். செய்வினை இல்லை மாப்பிள்ளை, அது என் மனைவியின் கை. அந்தக் கை கறுத்த கதையைக் கேட்டால் நீங்களே எழுந்து நின்று கும்பிடுவீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை, புதுச் சட்டை போட்டு, முந்தின நாள் சாயங்காலம் நானே வாசலில் உட்கார்ந்து ஆணியடித்துச் சரிசெய்த தோல் செருப்பையும் மாட்டிக்கொண்டு, பாரதியைப் பின்னால் உட்கார வைத்து ஆம்பூரிலிருந்து விரிஞ்சிபுரம் கோயிலுக்குக் கிளம்பினேன். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் குழந்தையை என் மடியில் உட்கார வைத்துக் காது குத்தியாக வேண்டும். பள்ளிகொண்டா தாண்டியதும் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது. இறங்கிப் பார்த்தால் டயர் தரையோடு தரையாக இருந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் போன்: "மச்சான், நேரமாவுது. நீங்க வரலன்னா பிரேம்நாத் மடியில உக்கார வெச்சிடுவோம்." பிரேம்நாத் என் சித்தப்பா மகன்தான், முறைக்கு அவனும் தாய்மாமன்தான். ஆனால் யாரும் கேட்காமலே 'எதுக்கும் இருக்கட்டும்' என்று ஒரு ஜோடி கம்மல் வாங்கிக்கொண்டு பட்டு வேட்டியில் வந்து நிற்கிறவனை என்ன சொல்வது? எனக்கு இருப்பது ஒரே தங்கை. அவள் பெற்றது ஒரே குழந்தை. எனக்கோ பிள்ளை இல்லை. அந்த மடி போனால் எனக்கு வேறு மடி கிடையாது. வண்டியைத் தள்ளும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எதிரே பஞ்சர் கடை இருந்தது. கடைக்காரர் கலீமுல்லா பாய் வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். "சாமானெல்லாம் கீது சார், கை தான் இல்ல" என்றார். இன்னும் தள்ளினால் கடை உண்டா என்றேன். "கீது, ஆனா ஜாஸ்தி தூரம்" என்றார். நானே வேலையில் இறங்கினேன். இரும்புப் பட்டையால் டயரை நெம்பப் போய் விரலை நசுக்கிக்கொண்டேன். பாய் ஒரு கையாலும் நான் ஒன்றரைக் கையாலும் டியூபை வெளியே உருவினோம். தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் கண்டுபிடித்து, பசையைத் தடவி, தடவிய வேகத்திலேயே ஒட்டுத்துண்டை வைத்து அழுத்தினேன். காற்றடித்ததும் ஒட்டு வழுக்கிக்கொண்டு போய் என் புதுச் சட்டையில் ஒட்டியது.

அப்போதுதான் பாரதி பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகினாள். "நவுருங்க" என்றாள். டயரில் தைத்திருந்த ஆணியைப் பிடுங்கி அதைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், ஆணியை முந்தானையில் முடிந்துகொண்டாள். டியூபைச் சுரண்டினாள், துடைத்தாள், மெல்லிசாகப் பசை தடவினாள். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள் மாப்பிள்ளை! ராகு காலம் ஓடி வருகிறது, நீங்கள் போன் மேல் போன் அடிக்கிறீர்கள், இவள் ரோட்டில் போகிற லாரியை வேடிக்கை பார்க்கிறாள். "ஒட்டுடி!" என்று கத்தினேன். "ஈரத்துல ஒட்னா புடிக்காது. காயட்டும்." பாயும் அவள் கட்சிதான். "பேஜார் பண்ணாத சார். அம்மா சொல்றது தான் கரெக்டு."

அவள் ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டும் பிரிவில் இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். நானும் அதே கம்பெனிதான், அதே வேனில்தான் போகிறோம். ஆனால் எனக்கு வேலை பெட்டி அனுப்பும் இடத்தில். மூடிய பெட்டியாகத்தான் ஷூ என்னிடம் வரும், உள்ளே இருப்பது எப்படி ஒட்டிக்கொண்டது என்று நான் கேட்டதே இல்லை. அன்றுதான் பார்த்தேன். விரலின் புறப்பக்கத்தால் பசையை லேசாகத் தொட்டாள். "இன்னும் இல்ல" என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி தொட்டாள். தலையை ஆட்டிவிட்டு, ஒட்டை வைத்து, சுத்தியால் நாலு தட்டு. அவ்வளவுதான். டியூப் தண்ணீருக்குள் ஒரு குமிழி விடவில்லை. விரிஞ்சிபுரத்துச் சாமிக்கு வழித்துணைநாதர் என்று பெயர், வழியில் ஆபத்து வந்தால் கூட வருவார் என்பார்கள். அன்று எனக்கு வழித்துணை ஆம்பூரிலிருந்தே பின்சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறது.

மற்றது நீங்கள் பார்த்ததுதான். பிரேம்நாத் மணையில் உட்காரக் குனிந்த நேரத்தில் நான் உள்ளே பாய்ந்து உட்கார்ந்தேன். ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிட்டது. டயர்க் கறுப்பு ஒட்டிய கையைக் கழுவக்கூட நேரமில்லாத பாரதி ஓடிவந்து அதன் தலையில் கை வைத்தாள், அழுகை அடங்கியது. அந்தக் கைதான் படத்தில் இருக்கிறது. போட்டோக்காரர் கம்ப்யூட்டரில் அழித்துத் தருகிறேன் என்றாராம். தயவுசெய்து அழிக்க விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. தைத்திருந்தது செருப்புக்கு அடிக்கிற சின்ன ஆணி. வேலூர் லாங் பஜாரில் செருப்புக் கடை வைத்திருப்பது யார்? பிரேம்நாத். முந்தின நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வந்து போனதும் அவன்தான். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நீங்கள் கூப்பிட்டு விசாரித்தால் நல்லது.

உங்கள் அம்மாவுக்கு எங்கள் வணக்கம், சௌமியாவுக்கு ஆசி, யாழினியின் மொட்டைத் தலைக்கு மாமனின் முத்தம்.

இப்படிக்கு,
நவநீதன்.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, பிரேம்நாத்தை விசாரிக்க வேண்டாம். ஏற்கனவே விசாரித்திருந்தால் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். பாரதி இதைப் படித்துவிட்டு, முந்தானையில் முடிந்திருந்த ஆணியையும், என் செருப்பிலிருந்து பிடுங்கிய ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே ஜாதி. அன்று சாயங்காலம் நான் செருப்புக்கு ஆணியடித்தது வண்டிச் சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்துதான். அங்கேயே ஏன் சொல்லவில்லை என்றேன். "சொல்லியிருந்தா தலையில கை வெச்சினு குந்தியிருப்பீங்க. அப்புறம் வண்டிய யாரு ஓட்றது? பாப்பா உங்க மடியில உக்கார வேணாவா?" என்றாள். கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றதற்கு, அப்படியே அனுப்பச் சொல்கிறாள். செருப்பிலிருந்த என் ஆணியெல்லாம் பிடுங்கி, பசை தடவி, செருப்பை ஜன்னலில் வைத்திருக்கிறாள். காய்கிற வரைக்கும் தொடக் கூடாதாம். நான் தொடவில்லை மாப்பிள்ளை, தள்ளி உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.