புதிய அகராதியில் ஒரு பழைய தவறு

தீர்த்தகிரியின் வீட்டில் மூன்று மின்விசிறிகள் உண்டு. சமையலறை விசிறி சத்தம் போடும், சுற்றாது. படுக்கையறை விசிறி சத்தமும் போடும், சுற்றவும் சுற்றும், காற்றை மட்டும் தராது. கூடத்து விசிறிதான் சத்தமே போடாமல் சுற்றிக் காற்றும் தரும். காரிமங்கலத்து வெயிலில் அந்த விசிறிக்குக் கீழே பாயை விரித்துத் தூங்கினால் தாய் மடியில் படுத்தது போல இருக்கும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த மடி அவருக்குக் கிடைப்பதில்லை. மூன்று மணிக்கு அங்கே மகளிர் சுயஉதவிக் குழுவின் கூட்டம் நடக்கும். குழுவின் தலைவி அவருடைய மனைவி அன்பரசி.

"கூட்டத்தை வேற யார் வூட்லயாவது வெச்சுக்கக் கூடாதா?" என்று ஒருமுறை நேராகவே கேட்டுப் பார்த்தார்.

"வேற யார் வூட்லங்க இப்படி ஒரு ஃபேன் இருக்குது?" என்றாள் அன்பரசி.

பதிலில் பாராட்டு இருந்தது. இடம் இல்லை.

தீர்த்தகிரி ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். தெருவில் யாராவது ஓர் ஆங்கிலச் சொல்லைத் தப்பாகச் சொன்னால் அவருக்குப் பல் கூசும். குழுப் பெண்களின் பேச்சிலோ சொல்லுக்குச் சொல் கூசும். இந்தக் கூச்சத்தில்தான் அவருக்கு யோசனை பிறந்தது. திருத்தத் தொடங்கினால் அவர்கள் பேசப் பயப்படுவார்கள். பேச முடியாத இடத்தில் கூட்டம் எதற்கு? தானாக வேறு வீடு பார்ப்பார்கள். விசிறி திரும்பி வரும்.

மறுநாள் இட்லிக்கு முன்னால் உட்கார்ந்து அறிவித்தார்.

"அன்பு, இனிமே இந்த வூட்டுக் கூரைக்குக் கீழ யாரும் இங்கிலீஷ் வார்த்தையைத் தப்பா பேசக் கூடாது. பேசினா நான் திருத்துவேன். திருத்தினதை மூணு தடவை சொல்லணும்."

"யாருக்குங்க இந்த ரூல்?"

"கூரைக்குக் கீழ யாரா இருந்தாலும். விருந்தாளியா இருந்தாலும்."

"நல்ல ரூலுங்க. ரூல்னா எல்லாரும்தான் கட்டுப்படணும். எங்க குழுவுலயும் அப்படித்தான். கை தூக்கி ஒரு தீர்மானம் போட்டுட்டா தலைவியே ஆனாலும் மீற முடியாது." இன்னொரு இட்லியை வைத்தாள். "சட்னி போதுங்களா?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அன்பரசி எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததில்லை. அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவர் சட்னியைத்தான் பார்த்தார்.

ஞாயிறு வந்தது. பெண்கள் வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். தீர்த்தகிரி ஓரத்தில் நாற்காலி போட்டு, கல்லூரிக் காலத்து அகராதியை மடியில் வைத்துக்கொண்டார்.

"என் கசின் பிரதர் வந்திருக்காரு, நான் சீக்கிரம் போவணும்" என்று தொடங்கினாள் தையல் கடை பரிதா.

"கசின். வெறும் கசின். பிரதர் ஒட்டக் கூடாது. மூணு தடவை சொல்லும்மா."

பரிதா அன்பரசியைப் பார்த்தாள். அன்பரசி தலையாட்டினாள். பரிதா மூன்று முறை சொன்னாள்.

"வெறும் கசின்னா ஆணா பொண்ணான்னு எப்படிங்க சார் தெரியும்?" என்றாள் பக்கத்தில் இருந்த வெண்மதி.

"தெரியாது. அதுதான் இங்கிலீஷ்."

"என் பையன் காலேஜ் பாஸ் அவுட் ஆயிட்டான், அவனுக்கு ஒரு…" என்று ஆரம்பித்தார் வயதில் மூத்த மாதம்மாள்.

"பாஸ் அவுட்னா மயக்கம் போட்டு விழறதுங்க அம்மா."

"ஐயோ, எம்புள்ள நல்லாத்தான இருக்கான்!" என்று மாதம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த கூட்டத்தை ப்ரீபோன் பண்ணலாமா என்று வெண்மதி கேட்டாள். தீர்த்தகிரி கண்ணை மூடிக்கொண்டார்.

"போஸ்ட்போன் உண்டு. தள்ளி வைக்கிறது. முன்னாடி கொண்டு வர்றதுக்கு ப்ரீபோன்னு ஒரு வார்த்தையே கிடையாது. நம்ம ஊர்ல யாரோ அடிச்சு விட்டது. உலகத்துல எந்த அகராதியிலயும் இருக்காது."

"அப்ப முன்னாடி வெக்கவே முடியாதுங்களா?"

"வெக்கலாம். அந்த வார்த்தையைச் சொல்லாம வெக்கணும்."

கூட்டம் வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் முடிந்தது. எல்லோரும் செருப்பைத் தேடும்போதுகூடச் சைகையில்தான் பேசினார்கள். விசிறிக்குக் கீழே தீர்த்தகிரி பாயை விரித்தார். இன்னும் ஒரு வாரம் திருத்தினால் போதும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப் போனார்.

சாயங்காலம் காபியைக் கையில் கொடுத்தபடி அன்பரசி சொன்னாள்:

"உங்க அகராதி அட்டையெல்லாம் கிழிஞ்சு கெடக்குதுங்க. பாத்தா யாருக்கும் பயமே வரல. புதுசா, பெருசா ஒண்ணு வாங்கிக்கக் கூடாதுங்களா?"

தன் திட்டத்துக்குத் தன் மனைவியே ஆயுதம் எடுத்துத் தருகிறாள்! தீர்த்தகிரி சனிக்கிழமையே பஸ் ஏறித் தருமபுரிக்குப் போனார். கடையில் இருந்ததிலேயே புதிய பதிப்பாக, கனமானதாகப் பார்த்து வாங்கினார். திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. ஒரு கைக்குழந்தையைப் போல அதைச் சுமந்துகொண்டு நின்றபடியே வந்தார்.

மறுநாள் ஞாயிறு. வட்டம் கூடியது. இந்த முறை யாரும் வாயைத் திறக்கவில்லை. பரிதா விரலால் கோலம் போட்டாள். மாதம்மாள் விசிறியைப் பார்த்தார். வெற்றி வந்துவிட்டது என்று தீர்த்தகிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்போது அன்பரசியே வாயைத் திறந்தாள்.

"அடுத்த கூட்டத்தை ப்ரீபோன் பண்ணிடலாம்."

"அன்பு!" என்றார் தீர்த்தகிரி. "போன வாரம்தானே சொன்னேன்? அப்படி ஒரு வார்த்தை இல்லை."

"நீங்க சொன்னா இவங்க நம்பிடுவாங்கங்க. ஆனா புது அகராதியைப் பிரிச்சுக் காட்டிட்டீங்கன்னா ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க."

அவருக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. எழுந்து நின்று, இடது கையில் அகராதியைக் கிடத்தி, எல்லோரும் பார்க்கும்படி விரித்தார். பக்கங்கள் புரண்டன. விரல் இறங்கியது. நின்றது. மறுபடி மேலே ஏறி, மெதுவாக இறங்கி, அதே இடத்தில் மறுபடியும் நின்றது.

"இருக்குதுங்களா?" என்றாள் வெண்மதி.

தீர்த்தகிரி தொண்டையைச் செருமினார்.

"இருக்குது" என்றார்.

"யாரோ அடிச்சு விட்டதுன்னீங்களே சார்?"

கூடத்தில் விசிறி சத்தம் போடாமல் சுற்றியது. இப்போது அது கொஞ்சம் சத்தம் போட்டிருந்தால் அவருக்கு உதவியாக இருந்திருக்கும். ஆனால் அவர் ஆசிரியர். வகுப்பில் மாட்டிக்கொண்டால் பாடம் நடத்தித் தப்பிக்கத் தெரிந்தவர்.

"இதைத்தான் மொழி வளர்ச்சின்னு சொல்றோம்" என்று தொடங்கினார். "நான் படிச்சப்ப அது தப்பு. அப்புறம் ஊர்ல நிறைய பேர் அதையே சொல்லிட்டிருந்தாங்க. சொல்லச் சொல்ல அது நிலைச்சுப் போச்சு. அகராதிக்காரங்களும் சரின்னு சேர்த்துக்கிட்டாங்க. பெரும்பாலானவங்க எதைச் சொல்றாங்களோ அதுதான் கடைசியில சரி."

"புரியலீங்க" என்றாள் அன்பரசி. "தப்புன்னு தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் வேண்டாம் வேண்டாம்னு சொன்னாலுமா?"

"சொன்னாலும்தான். தனி ஆள் என்ன பண்ண முடியும்? பெரும்பான்மைதான் முடிவு பண்ணும்."

"எல்லாருக்கும் கேட்டுச்சுங்களா?" என்று அன்பரசி வட்டத்தைப் பார்த்தாள். "சரி, பெரும்பான்மையைக் கேட்டுடலாம். ஞாயித்துக்கிழமை மதியம் இந்தக் கூடத்துலதான் கூட்டம் நடக்கறது சரின்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

எல்லாக் கைகளும் எழுந்தன.

"கூட்டத்துக்கு வர்றவங்களுக்கு வூட்டுக்காரரே டீ போட்டுத் தர்றது சரின்னு நினைக்கிறவங்க?"

இந்த முறை சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள். மாதம்மாள் கையைத் தூக்கியதோடு நிற்காமல், "இஞ்சி தட்டிப் போடச் சொல்லு அன்பரசி" என்று திருத்தமும் கொண்டுவந்தார்.

"இது என்ன அநியாயம்? நான் குழு உறுப்பினரே இல்லையே!" என்றார் தீர்த்தகிரி.

"கூரைக்குக் கீழ யாரா இருந்தாலும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

எதிர்த்துக் கை தூக்கலாம் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் இரண்டு கையிலும் அகராதி இருந்தது.

அன்று எல்லோரும் டீ குடித்துவிட்டுப் போனபின், டம்ளர்களைக் கழுவிக்கொண்டே கேட்டார்:

"அன்பு, நிசத்தைச் சொல்லு. அந்த வார்த்தை அகராதியில இருக்கறது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"போன வாரமே போன்ல பாத்துட்டேங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"போன்ல காட்டினா நீங்க நம்புவீங்களா? உங்களுக்குப் புத்தகத்துல பாத்தாதான் நம்பிக்கை வரும்" என்றாள் அன்பரசி. "அந்த டம்ளர்ல இன்னும் டீத்தூள் ஒட்டியிருக்குது பாருங்க."

அடுத்த ஞாயிறு. கூட்டம் மூன்று மணிக்குத்தானே என்று தீர்த்தகிரி மதியச் சாப்பாட்டை முடித்தார். கூடத்தில் பாயை விரித்து, விசிறியைப் பார்த்தபடி சாய்ந்தார். கண் செருகும் நேரத்தில் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க! கூட்டத்தை ப்ரீபோன் பண்ணிட்டோம். இப்ப வந்துருவாங்க. பாலை அடுப்புல வெச்சுடுங்க."

தீர்த்தகிரி எழுந்து உட்கார்ந்தார். அந்த வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து, முன்னும் பின்னுமாகச் சோதித்துப் பார்த்தார். ஒரு பிழைகூட இல்லை. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, இஞ்சியைத் தேடிப் போனார்.