ஆவிக்கு ளகரம் வராது

நடிகர் செத்தும் சாகவில்லை என்ற சேதி எங்கள் தெருவுக்குப் பால் வண்டியில் வந்தது. பால்காரர் பொய் சொல்லமாட்டார். கலப்படமெல்லாம் பாலில் மட்டும்தான். அவர் மச்சானோடு வேலை பார்க்கும் ஒருவர், ஆவியை நேரில் பார்த்த ஒருவரை, நேரில் பார்த்திருக்கிறார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அந்த ஆவி எங்கள் மூடிக்கிடந்த தியேட்டருக்கே வந்து சேர்ந்தது. புகுந்த இடம், அங்கே முன்பு இருட்டில் டார்ச் அடித்து இருக்கை காட்டிக்கொண்டிருந்தவனின் உடம்பு. அவனை 'டார்ச்' என்றுதான் கூப்பிடுவோம். தியேட்டரை மூடியதும் வேலை போனது. ஆவி வந்ததும் வேலை திரும்பியது. தினமும் மூன்று மணிக்கு, மாட்னி ஆட்டம். திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு, மோவாய்க்குக் கீழே டார்ச்சை எரியவிட்டு, நடிகரின் குரலில் பேசுவான். அதே மீசை வேறு.

கூட்டமா? முதுகு அரிக்கிறதே என்று சொறிந்தேன். பக்கத்தில் நின்றவர் "ரொம்ப நன்றி" என்றார்.

ஆவி எல்லோருக்கும் எல்லாம் சொன்னது. கண் கோளாறுக்கு மட்டும் தனி வைத்தியம்: பதினொரு ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்து, டார்ச் வெளிச்சத்தை இமைக்காமல் பார்க்கவேண்டும்.

என் பக்கத்து வீட்டுத் தையல்காரிக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஊசியில் நூல் கோக்க முயன்று விரலைக் கோத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தார்கள். ஆவியோ, "கத்தி பட்டா கண்ணு போயிடும்மா" என்று அழுதேவிட்டது.

அவள் தங்கை அச்சகத்தில் பிழை திருத்துபவள். தெருவில் அவளுக்குப் பெயரே 'பிழை'.

"அக்கா, இந்தத் தேதியை விட்டா ஆறு மாசம் ஆகும். அதுக்குள்ள நீ சட்டைக்கு மூணு கை வெச்சுத் தைச்சுடுவே."

"தலைவரே வேண்டாங்கறாருடி. பக்கத்து வீட்டு மாமாவும் அதான் சரிங்கறாரு."

பக்கத்து வீட்டு மாமா நான்தான். நான் எதையும் தீர விசாரித்துத்தான் சொல்வேன். பால்காரரிடம் விசாரித்திருந்தேன்.

"சரி, நாளைக்கு ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். பதில் ஆவிகிட்டேர்ந்து வந்தா, பதினொரு ஆட்டத்துக்கும் நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன். அந்த டார்ச் தினமும் மீசை திருத்திக்கற சலூன்லேர்ந்து வந்தா?"

"சலூன்லேர்ந்து எப்படிடி வரும்? வந்தா வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வர்றேன், போ!"

வியாழன் காலை. பிழை ஒரு தாளில் ஏதோ எழுதி, உறையிலிட்டு ஒட்டி, அக்காவின் தையல் பையில் வைத்தாள். நேராகச் சலூனுக்குப் போனாள். நான் அங்கே முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நம்ம நடிகருக்குச் சின்ன வயசுலேர்ந்தே பள்ளின்னாலே நடுக்கமாம். வெளியே விட்டுடாதீங்க."

வெளியே விடாதே என்று சொன்னால் அந்தச் சலூன்காரருக்கு வயிறு உப்பிவிடும். என் தலையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். வெட்டும்போது சீப்பைப் பல்லில் கடித்துக்கொள்வது அவர் வழக்கம். சீப்பைக் கடித்த வாயில் நாக்கு மடியாது. நாக்கு மடியாவிட்டால் ளகரம் வராது. மத்தியானம் வழக்கம்போல மீசையைச் சரிசெய்ய டார்ச் வந்து உட்கார்ந்தான். அவன் காதிலும் விஷயம் விழுந்தது.

மூன்று மணி. பிழை எழுந்தாள்.

"தலைவரே! சின்ன வயசுல நீங்க எதைக் கண்டு பயந்தீங்க?"

டார்ச்சின் உடம்பு உதறியது. "பல்லி! தொட்டில்ல கிடந்தேன். உத்தரத்துலேர்ந்து நெஞ்சு மேல விழுந்துச்சு! வால் அறுந்து துடிச்சுதே!"

"கரெக்ட்! காலையிலயே கேள்விப்பட்டோம்!" என்று அரங்கமே அலறியது. காதில் ஏற்கனவே விழுந்ததையே திரும்பக் கேட்டால்தானே நமக்கு நம்பிக்கை பிறக்கும்?

"மாமா, அக்கா பையில இருக்கற உறையைப் பிரிச்சு சத்தமாப் படிங்க" என்றாள் பிழை. பாதித் தலையோடு எழுந்து படித்தேன்:

"நடிகருக்குப் பள்ளி என்றால் பயம். இது இன்று காலை பல் துலக்கும்போது நான் கட்டிய பொய். சலூனில் மட்டுமே சொல்லப்போகிறேன்."

"ஐயய்யோ, வாயில சீப்பு இருந்துச்சும்மா!" பின்வரிசையிலிருந்து சலூன்காரர்.

டார்ச் அசரவில்லை. "ஆவிக்கு ஏதுய்யா நாக்கு? நாக்கில்லாம ளகரம் எப்படி வரும்? நான் சொன்னதும் பள்ளிக்கூடம்தான்!"

நாங்கள் தலையாட்டினோம். நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள்.

அப்போது தையல்காரி மெல்ல எழுந்தாள்.

"பள்ளிக்கூடமா உத்தரத்துலேர்ந்து விழுந்துச்சு? அதுக்கு வால் வேற இருந்துச்சா?"

அரங்கத்தில் கிளம்பிய சிரிப்பில் மேலே இருந்த வௌவால்கள் இடம் மாறின. டார்ச் கை நழுவி உருண்டது. அதன் பின்னாலேயே ஓடிய ஆளை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடந்தது. கட்டைப் பிரித்த அன்று தையல்காரி என்னைப் பார்த்து, "மாமா, உங்க மூஞ்சியில இவ்வளவு சுருக்கமா! இஸ்திரி போடணுமே" என்றாள். கண் சரியாகிவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

எங்கள் தெரு அத்தோடு திருந்தியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? ஆவியையே விரட்டிய பிழைக்குப் பெரிய சக்தி இருக்கிறதாம். மறுநாளே பால் வண்டியில் சேதி வந்துவிட்டது. விடிந்ததும் அவள் வாசலில் வரிசை. அவள் ஓர் அட்டையில் எழுதி மாட்டினாள்: 'முதலில் மூளையைப் பயன்படுத்தவும்.'

முன்னால் நின்ற சலூன்காரர் அதைப் பின்னால் நின்றவர்களுக்கு வாசித்துக்காட்டினார், வாயில் சீப்போடு.

கூட்டம் பயபக்தியோடு கலைந்து, தெரு மூலைக்குப் போய், அதைப் பயன்படுத்தியது. அந்தச் சுவர் இன்னும் காயவில்லை.

இந்தக் கதையை வாயால் சொல்லாமல் எழுத்தில் தருவதற்குக் காரணம் அதுதான். ளகரம் போட்டிருக்கிறேன். மூலையைப் பார்த்துக் கிளம்புவதற்கு முன்னால், இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.