ஒரு காசு ஏழு காசான வரலாறு

மனிதகுலம் தங்கத்தைக் கண்டுபிடித்தது ஒன்றும் பெரிய சாதனையில்லை. அதைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, சீல் வைத்து, எழுபதுக்கு இத்தனை மார்க் என்று சீட்டும் ஒட்டினார்களே, அதுதான் சாதனை!

இந்தத் திருப்பணியைச் செய்வது, பழைய காசுகளைத் தரம் பார்த்து மார்க் போடும் ‘மையம்’. அதன் நிபுணர்கள் ஒருமுறை பார்த்த காசை ஜென்மத்துக்கும் மறக்கமாட்டார்கள். மையத்தின் விளம்பரமே சொல்கிறது, பிறகென்ன சந்தேகம்?

டொலீடோ நகரத்து ஓய்வுபெற்ற பல் டாக்டர் வெர்னன் ஸ்டக்கிக்கும் சந்தேகமில்லை. அவரிடம் கார்சன் சிட்டி நாணயசாலையில் நூறு வருஷத்துக்கு முன்பு அடித்த பத்து டாலர் தங்கக் காசு ஒன்று இருந்தது. மையம் அதற்கு 64 மார்க் போட்டது. அந்த ரகத்தில் 64 வாங்கிய காசு உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று பதிவேட்டிலும் எழுதிக்கொண்டது.

வியாபாரி ரோஸ்கோ ஓடிவந்தார். “டாக்டர், நாற்பதாயிரம். இப்பவே செக்.”

“குடுத்துடு வெர்ன்! ஏரிக்கரையில அந்தக் குட்டி வீடு நாற்பதாயிரந்தான். கோடைக்குள்ள குடிபோயிடலாம்” என்றாள் மனைவி லோர்னா.

“அவசரப்படாதே. 65 வந்தா எண்பதாயிரம். வீட்டோட படகும் வாங்கலாம்.”

“காசு அதேதானே? மார்க் எப்படி ஏறும்?”

“காசு அதேதான். நிபுணர் அன்னிக்கு நல்லா காலைச் சாப்பாடு சாப்பிட்டிருக்கணும். அவ்வளவுதான்.”

உயர்ந்த விஞ்ஞானம்! வெர்னன் பல் பிடுங்கும் குறடால் பெட்டியை உடைத்தார். காசைப் புதுக் காசு போல மறுபடி அனுப்பினார்.

“பழைய சீட்டைத் திருப்பி அனுப்பணும்னு போட்டிருக்கே?” என்றாள் லோர்னா.

“அனுப்பினா ஏற்கெனவே 64ன்னு தெரிஞ்சுடும். நிபுணர் மனசு கெட்டுடும். அது பாவம் இல்லையா?”

சீட்டு கோழி வாட்டும் அடுப்பில் எரிந்தது. கட்டணம் ஐந்நூறு டாலர் போனது. 64 வந்தது.

மறுபடி குறடு, அடுப்பு, ஐந்நூறு. 64. ஆறு முறை உடைத்தார். முதல் தடவையோடு சேர்த்து ஏழு பெட்டி, ஏழு கட்டணம். மையம் ஏழு முறையும் இம்மி பிசகாமல் 64 என்றது. என்ன ஒரு நேர்மை!

வெர்னன் பெருமூச்சு விட்டு, வசந்தகால நாணயக் கண்காட்சியில் ரோஸ்கோவின் மேஜைக்கே லோர்னாவோடு போனார்.

“சரிப்பா, அந்த நாற்பதாயிரத்தையே குடு.”

ரோஸ்கோ பூதக்கண்ணாடியைத் தொடவில்லை. காசையும் பார்க்கவில்லை. போனில் பதிவேட்டைப் பார்த்தார்.

“பன்னிரண்டாயிரம்.”

“என்னது!”

“இந்தக் காசு சோளப்பொரி மாதிரி ஆயிடுச்சு டாக்டர். ஒரே வருஷத்துல 64 ஏழு வந்திருக்கே! எவனோ புதையல் எடுத்திருக்கான்.”

“அந்த ஏழும் என்னுதுய்யா!”

“ஏழும் உங்ககிட்டயா? அப்போ இன்னும் விலை இறங்கும். பத்தாயிரம்.”

வெர்னன் வேர்த்துப்போய் மையத்துக்கு போன் போட்டார். பதிவேட்டு அதிகாரி மிஸ் ஹால்வர்சன் தேன் குரலில் பேசினாள்.

“பழைய சீட்டு ஆறையும் அனுப்புங்க சார், உடனே கழிச்சுடறோம்.”

“அதெல்லாம் அடுப்புல போயிடுச்சும்மா. ஒரே காசுதான், நம்புங்க. காசுல இருக்கிற கழுகோட இடது சிறகுல ஒரு கீறல் இருக்கும். ஏழு தடவையும் உங்க நிபுணருங்க பார்த்ததுதான்.”

தேன் உறைந்தது. “எங்க நிபுணருங்க ஒரு தடவை பார்த்த காசை மறக்கவே மாட்டாங்க சார். ஒரே காசா இருந்தா கண்டுபிடிச்சிருப்பாங்க. கண்டுபிடிக்கலை. அதனால ஏழு காசுதான்.”

“அப்போ மீதி ஆறு எங்கே?”

“அதை நீங்கதான் தேடணும். திருட்டுப்போயிருந்தா போலீஸ்ல சொல்லுங்க.”

போன் வைக்கப்பட்டது. அப்பேர்ப்பட்ட அலுவலகம் பொய் சொல்லுமா? வெர்னனுக்கே சந்தேகம் வந்து கோட்டுப் பையைத் தடவிப் பார்த்தார்.

ஏரிக்கரை வீட்டின் படத்தைக் கைப்பைக்குள் மடித்து வைத்த லோர்னா, விழுந்து விழுந்து சிரித்தாள்.

“தேடாதே வெர்ன். போலீஸ் கேட்டா நானே இடத்தைக் காட்டறேன். ஒரே காசுக்கு ஏழு தடவை கட்டணம் வாங்கினாங்கல்ல? மீதி ஆறு காசும் அவங்க கல்லாவுலதான் இருக்கு!”