நீலமாகத் தெரிந்த தகர ஷெட்

படித்தவன் செய்கிற தப்பில் ஒரு வசதி உண்டு. அதற்குக் கலர் அடித்து, பிரிண்ட் எடுத்து, நாலு பேர் கையில் கொடுக்கலாம். நான் கொடுத்தேன்.

அப்போது எம்.எஸ்சி. மாணவன். செயற்கைக்கோள் படங்களை வைத்து, திருவள்ளூரில் எந்த இடம் எவ்வளவு சூடு என்று கண்டுபிடிப்பது என் ஆய்வு. (வெயிலில் போகாமலே வெயிலை ஆராயலாம் என்றுதான் அதை எடுத்தேன்.) அக்கா வீட்டுக்காரர் காக்களூரில், தகரக் கூரை போட்ட ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். சூட்டை வெளியே இழுக்கும் ஃபேன் கேட்டுக் கேட்டு அங்கே எல்லோரும் சலித்திருந்தார்கள்.

“உள்ள வெந்துக்கினு கீறோம்பா. மேலேர்ந்து எடுத்த படத்தக் காட்டுனா ஓனரு நம்புவாரு,” என்றார் மாமா.

படம் தயாரானது. சிவப்பு என்றால் சூடு, நீலம் என்றால் குளிர்ச்சி. படத்தில் ஷெட் என்ன நிறம் என்று நான் பார்க்கவில்லை. அதில் பார்க்க என்ன இருக்கிறது என்ற திமிர்.

ஓனர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை மேஜையில் விரித்தார். மாமாவும் கூட வேலை செய்பவர்களும் பின்னால் நின்றார்கள். நான் முதலில் நிறங்களை விளக்கினேன். (வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.)

“நம்ம ஷெட்டு எது தம்பி?”

விரல் வைத்தேன். ரோடு சிவப்பு. அறுவடை முடிந்து காய்ந்த வயலும் சிவப்பு. என் விரலுக்கடியில் நல்ல நீலம்.

“அப்போ திருவள்ளூருலயே நம்ம எடந்தான் கூலு. சேட்டிலைட்டே சொல்லுது. ஃபேன் இன்னாத்துக்கு?” என்றவர், படத்தை லேமினேட் செய்து வாசலில் மாட்டிவிட்டார். மாமா ஃபேன் இல்லாத ஷெட்டுக்குள் திரும்பிப் போனார்.

பளபளக்கும் தகரம் எவ்வளவு கொதித்தாலும் குறைவான வெப்பத்தையே வெளியே வீசும், அதற்குத் திருத்தம் போடாவிட்டால் செயற்கைக்கோள் ஏமாந்துபோகும் என்றார், பிறகு படத்தைப் பார்த்த என் பேராசிரியர். முதல் செமஸ்டர் பாடம். நான் திருத்தம் போடவில்லை.

தெர்மாமீட்டரோடு போய், படம் தப்பு என்று சொல்லி ஓனரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“சேட்டிலைட்ட விட இது பெருசா? வேணும்னா உள்ள உக்காந்து அளந்துக்கோ,” என்றார்.

அளந்தேன். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் மயங்கி விழுந்தேன். வெளியாள் விழுந்தால் வம்பு என்று பயந்தாரோ என்னவோ, அடுத்த வாரமே ஃபேன் வந்தது. என் ஆய்வால் ஊருக்கு நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

போன மாதம் என் மகளுக்குக் காய்ச்சல். லேசாகத்தான் இருக்கும் என்று போனில் மாமாவிடம் சொன்னேன். மாமாவுக்குப் பின்னால் அக்கா சிரிப்பது கேட்டது.

“மேலேர்ந்து பாத்துச் சொல்லாதப்பா,” என்றார் மாமா. “குனிஞ்சு கொழந்த நெத்தியத் தொட்டுப் பாரு.”