கதவைத் தட்ட ஓர் ஆள்

“காட்டுத்தீ வருதுன்னு வைங்க. உங்க கதவ யாரு வந்து தட்டுவாங்க?” என்று கணினித் திரையில் இருந்த ஆசிரியை ப்ரையோனி கேட்டார்.

க்ளென், இணைப்பு அறுந்துவிட்டதுபோல் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டான்.

“க்ளென், நீங்க கண்ண சிமிட்டுறது தெரியுது. அடுத்த வகுப்புக்கு அந்த ஆளோட வாங்க. இல்லேன்னா தேற முடியாது.”

அவன் பதவி உயர்வுக்காகத்தான் பேரிடர் மேலாண்மை படிக்கிறான் என்று அவன் வேலை பார்க்கும் பெண்டிகோ தீயணைப்பு நிலையத்தில் எல்லோரும் நம்பினார்கள். நிலையத்தில் சேர்ந்து சமைத்து, சேர்ந்து சாப்பிடுவார்கள். ஷிஃப்ட் முடிந்தால் வீடு. மனைவி பிரிந்து போனபின் அங்கே அவனைக் கூப்பிடுவது மைக்ரோவேவ் மட்டும்தான். செவ்வாய்க்கிழமை வகுப்பில் சில முகங்கள், “என்ன க்ளென், சாப்பிட்டாச்சா?” என்று கேட்கும். படிப்பு அதற்காகத்தான். தேறாவிட்டால் அதுவும் போய்விடும்.

சனிக்கிழமை சீருடையோடு போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான். திறந்த பெரியவர் அவன் சட்டையைப் பார்த்தார். “எந்தப் பக்கம் எரியுது?” என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் பூனையை அள்ளிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

சீருடையைக் கழற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

“சோலார் பேனலா? வேண்டாம்பா.” கதவு மூடிக்கொண்டது.

வாசனைக்காவது யாராவது வரட்டும் என்று முன்வாசலில் பார்பிக்யூ அடுப்பைப் போட்டு சாசேஜ் சுட்டான். கொழுப்பு வழிந்து தீப்பிடித்தது. அவன் அணைத்துவிட்டான், புகைதான் தெருவை மூடியது. யாரோ அவசர எண்ணை அழைக்க, வந்து நின்றது அவன் நிலையத்து வண்டியேதான்.

“ஏம்ப்பா, லீவு நாள்லகூட எங்கள விட மாட்டியா?” என்றபடி அதிகாரி மார்னி இறங்கினாள்.

சைரன் சத்தத்துக்குத் தெருவே கூடிவிட்டது. க்ளென் கருகிய சாசேஜ்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தீ வந்தா என் கதவத் தட்ட ஒரு ஆள் வேணும். படிப்புக்குக் கேக்குறாங்க. ஆறு வருஷமா இங்க இருக்கேன். ஒருத்தரும் தட்டினதில்ல.”

பக்கத்து வீட்டு டோரீன் அம்மாள் மார்னியிடம் திரும்பினாள். “மொதல்ல அந்த சைரன நிறுத்தும்மா.”

பிறகு க்ளென்னிடம் வந்து, பழக்கம் விடாமல் கிசுகிசுத்தாள்.

“எப்படிப்பா தட்டுறது? நைட் ஷிஃப்ட் பாத்துட்டு வந்து தூங்குவியேன்னு, உன் கார் கிளம்பினப்புறம்தான் இந்தத் தெருவுல புல்லு வெட்டுற மெஷினையே வெளிய எடுப்போம்.”